ராஜினாமா கடிதத்துக்கு முன்னால் ஒரு போன் நம்பர்

கேள்வி: ஒரு பெரிய மருத்துவமனையின் லேபர் வார்டில் பன்னிரண்டு ஆண்டுகளாக மிட்வைஃபாக, அதாவது பிரசவம் பார்க்கும் மருத்துவச்சியாக இருக்கிறேன். செக்கப்பில் பார்த்த பெண்ணைப் பிரசவத்தில் பார்ப்பதில்லை, பிரசவத்தில் பார்த்தவரை அப்புறம் பார்ப்பதே இல்லை. ஒரே ஷிப்டில் மூன்று பேருக்கு வலி என்றால் யாருடைய பெயரும் மனதில் நிற்பதில்லை. வெளியே வந்து தனியாகத் தொழில் தொடங்கலாமா என்று யோசிக்கிறேன். என் கைராசியைச் சொல்லித் தேடி வருபவர்கள் இருக்கிறார்கள். தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் தோழி ஒருத்திக்கு இப்போது ஏழாம் மாதம். "வீட்டுக்கே வந்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா" என்கிறாள். கணவர் வருமானத்தை நினைத்துப் பயப்படுகிறார். எங்கிருந்து தொடங்குவது? கட்டணம் எப்படி வைப்பது? வேலையை எப்போது விடுவது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் அனுபவம் இருக்கிறது, தேடி வருபவர்கள் இருக்கிறார்கள், வீட்டுக்காரரின் கவலையும் இருக்கிறது. ஒன்று மட்டும் இல்லை. நள்ளிரவில் பிரசவம் கைமீறிப் போனால் யாருக்கு போன் செய்வீர்கள்? நானும் லேபர் வார்டிலிருந்து வெளியே வந்து தனியாகத் தொழில் செய்பவள்தான். புதிதாக வருகிற யாராக இருந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

வார்டில் இந்தக் கேள்வியே எழாது. மணியை அழுத்தினால் மகப்பேறு மருத்துவர் வருவார், பின்னாலேயே மயக்க மருந்து நிபுணர் வருவார், ஆபரேஷன் தியேட்டர் திறந்திருக்கும், கீழ்த்தளத்தில் ரத்தம் இருக்கும், குழந்தை அழவில்லை என்றால் தூக்கிக்கொண்டு ஓட ஓர் இடம் இருக்கும். இதெல்லாம் எப்போதும் இருப்பதால் அதை நாம் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக நன்றாகப் போன பிரசவங்களில் உங்கள் கைக்குப் பெரும்பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மணிக்கும் பங்கு உண்டு. ராஜினாமா செய்யும்போது அந்த மணியையும் சேர்த்தே விட்டுவிட்டு வருகிறீர்கள். அதை வெளியில் நீங்களே ஏற்பாடு செய்துகொண்டாக வேண்டும். அது நடக்கும் வரை வேலையை விடாதீர்கள்.

உங்கள் தோழியின் விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் ஆபத்து குறைந்தவை என்று கணிக்கப்பட்ட சுமார் 64,000 பிரசவங்களைத் தொடர்ந்து பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2011-இல் வெளியானது. வீட்டிலேயே பெற்றுக்கொள்ளத் திட்டமிட்ட தலைப்பிரசவக்காரர்களில் 45 சதவீதம் பேரை வலியின்போதோ பிறந்த உடனேயோ மருத்துவமனைக்கு மாற்ற வேண்டி வந்தது. ஏற்கெனவே பெற்றவர்களில் அது 12 சதவீதம். மாற்றியவர்களில் பெரும்பாலோர் உயிருக்கு ஆபத்தான நிலையில் இல்லை. வலி இழுத்துக்கொண்டே போனதுதான் முக்கியக் காரணம். ஆனால் குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு என்று எடுத்துக்கொண்டால், வீட்டைத் தேர்ந்தெடுத்த தலைப்பிரசவங்களில் ஆயிரத்துக்கு 9.3, மருத்துவமனையில் 5.3. இரண்டாவது, மூன்றாவது பிரசவங்களில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆம்புலன்ஸ், மருத்துவமனை, பயிற்சி பெற்ற மிட்வைஃப் எல்லாம் ஒரே அமைப்பாக இயங்குகிற நாட்டின் கணக்கு இது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் தோழிக்குத் தலைப்பிரசவம். கையில் இருப்பது இரண்டு மாதம். உங்களுக்கோ வெளியே இன்னும் எந்த ஏற்பாடும் இல்லை. "பிரசவம் மருத்துவமனையில்தான், வீட்டில் நான் பார்க்க மாட்டேன்" என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள். தள்ளிப்போட்டால் ஒன்பதாம் மாதத்தில் சொல்ல வாய் வராது. வேறு விதத்தில் நிறையச் செய்யலாம். செக்கப்புகளுக்கு இடையில் அவளுடைய பயத்தைப் பேசித் தீர்க்கலாம், வலி தொடங்கியதும் எப்போது கிளம்புவது என்று சொல்லலாம், மருத்துவமனை அனுமதித்தால் பக்கத்தில் துணையாக இருக்கலாம், பிறந்த பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். சொல்லப்போனால், உங்கள் தனித்தொழிலும் இந்த வடிவத்தில் தொடங்குவதுதான் நல்லது. பிரசவம் பார்ப்பது கடைசியில் சேரட்டும்.

ஏன் என்றால், தாய்மார்கள் கைவிடப்படுவது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகுதான். உலக சுகாதார நிறுவனம் தாயையும் குழந்தையையும் முதல் 24 மணி நேரத்திலும், பிறகு 48 முதல் 72 மணி நேரத்துக்குள்ளும், 7 முதல் 14 நாளுக்குள்ளும், ஆறாவது வாரத்திலும் பார்க்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் வீடு திரும்பிய பெண்ணை மூன்றாம் நாள் யார் பார்க்கிறார்கள்? பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகியிருக்கும், குழந்தை சரியாகப் பிடிக்காமல் காம்பு வெடித்திருக்கும், குழந்தையின் கண்ணில் மஞ்சள் தெரிகிறதா என்று யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், தையல் போட்ட இடத்தைக் காட்டக் கூச்சமாக இருக்கும். பிரசவத்துக்குப் பிறகும் பிபி ஏறலாம் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. நீங்கள் பன்னிரண்டு ஆண்டுகளாகச் செய்து பழகிய வேலை இது. இதற்குத் தியேட்டர் வேண்டாம், பெரிய முதலீடும் வேண்டாம். உங்கள் வேலை ஒப்பந்தம் இடம் கொடுத்தால் மருத்துவமனையில் பகுதி நேரமாக இருந்துகொண்டே தொடங்கலாம். உங்கள் கணவரின் கவலைக்கும் இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. மாதச் சம்பளத்தில் பாதியாவது வந்துகொண்டிருக்கும்போது தவறான கேஸை "வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் இருக்கும். வாடகைக்கு வழியில்லாத மாதத்தில் அந்தத் தைரியம் வருவது கஷ்டம்.

பகுதி நேர வேலைக்கு இன்னொரு பயனும் உண்டு. தனியாக வந்தபின் நீங்கள் பார்க்கும் பிரசவங்களின் எண்ணிக்கை சட்டென்று குறையும். குழந்தையின் தோள் சிக்கிக்கொள்வது, ஜன்னி (பிபி ஏறி வரும் வலிப்பு), நிற்காத உதிரப்போக்கு போன்றவற்றை எப்போதாவதுதான் சந்திப்பீர்கள். எப்போதாவது செய்வது கைக்கு மறந்துபோகும். வார்டில் மாதத்துக்குச் சில ஷிப்டுகளாவது இருந்தால் கை பழக்கத்தில் இருக்கும். அதற்கு வழியில்லை என்றால் சக மிட்வைஃபுகளோடு சேர்ந்து பொம்மையை வைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சட்டம் பற்றி. நாட்டுக்கு நாடு இது அடியோடு மாறுகிறது. நெதர்லாந்தில் மருத்துவச்சிகள் சொந்தமாகத் தொழில் நடத்துவது சாதாரண விஷயம். எந்த நிலை வந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதற்கு அங்கே பொதுவான பட்டியலே இருக்கிறது. நியூசிலாந்தில் 1990-இல் சட்டம் திருத்தப்பட்டபின் மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் பிரசவம் பார்க்க முடிந்தது. வேறு இடங்களில் மருத்துவரின் பொறுப்பில் மட்டுமே செய்யலாம், அல்லது செவிலியர் பதிவோடு தனியாக மிட்வைஃப் தகுதியும் கேட்பார்கள். ஆகவே உங்களைப் பதிவு செய்திருக்கும் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். மருத்துவர் இல்லாமல் நான் பிரசவம் பார்க்கலாமா? எந்தெந்த மருந்தை நானே வைத்திருந்து கொடுக்கலாம்? தையல் போடலாமா? இடத்துக்குத் தனி உரிமம் வேண்டுமா? இந்த நான்கும் போதும். தோழி சொன்னாள், வேறொருவர் அப்படித்தான் செய்கிறார் என்பதெல்லாம் நாளை உதவாது.

இன்சூரன்ஸை எல்லோரும் கடைசியில் யோசிக்கிறார்கள். முதலில் யோசியுங்கள். பிரிட்டனில் 2014 முதல் தகுந்த இன்டெம்னிட்டி காப்பீடு (வழக்கு வந்தால் இழப்பீட்டைக் கொடுக்கும் காப்பீடு) இல்லாமல் பதிவில் இருக்க முடியாது. 2017 ஜனவரியில், சுயேச்சையாகத் தொழில் செய்த மிட்வைஃபுகள் பலர் வைத்திருந்த காப்பீடு போதாது என்று அங்குள்ள ஒழுங்குமுறைக் கவுன்சில் சொன்னது. கையில் கர்ப்பிணிகள் இருக்கும்போதே அவர்களால் பிரசவம் பார்க்க முடியாமல் போயிற்று. தொழில் தெரியாததால் வந்த வினையல்ல அது, பாலிசியால் வந்தது. நீங்கள் பாலிசி வாங்கும்போது பிரசவ நேரம் அதில் அடங்குமா, செக்கப்பும் பின்கவனிப்பும் மட்டும்தானா என்று பாருங்கள். அடுத்து, பாலிசி நடப்பில் இருக்கும்போது வரும் வழக்குக்கு மட்டும்தான் பணம் கொடுப்பார்களா, பாலிசி இருந்த காலத்தில் நடந்த பிரசவம் என்றால் எத்தனை ஆண்டு கழித்து வழக்கு வந்தாலும் கொடுப்பார்களா என்று கேளுங்கள். பிரசவ வழக்குகள் தாமதமாக வருபவை. குழந்தைக்கு நடக்க வரவில்லை, பேச்சு வரவில்லை என்று தெரியவே ஆண்டுகள் ஆகும். முதல் வகை பாலிசி என்றால், தொழிலை நிறுத்திய பிறகும் பாதுகாப்பு தொடர என்ன வழி என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

கேஸ் ஷீட்டும் இதே காரணத்துக்காகத்தான். பிரிட்டனில் பேறுகாலப் பதிவுகளை 25 ஆண்டுகள் வைத்திருக்கிறார்கள். உங்கள் இடத்தின் விதி எதுவோ அதன்படி வையுங்கள். மறந்தும் நோட்டுப் புத்தகத்தில் ஒன்று, மொபைலில் ஒன்று என்று சிதறவிடாதீர்கள். குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்ட நேரத்தை அப்போதே எழுதுங்கள். எல்லாம் முடிந்தபின் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிய பார்ட்டோகிராமை (வலி எப்படிப் போகிறது என்று நேரத்தோடு குறிக்கும் வரைபடம்) அனுபவமுள்ள கண் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும்.

இப்போது அந்த போன் நம்பர். நீங்கள் தொழில் செய்யப்போகும் பகுதியில், இரவும் பகலும் சிசேரியன் செய்ய வசதியுள்ள மருத்துவமனை எது? அங்குள்ள மகப்பேறு மருத்துவரிடம் நேரம் கேட்டு நேரில் போங்கள். "உங்கள் ஆதரவு வேண்டும் டாக்டர்" என்று பொதுவாகப் பேசினால் சிரித்து அனுப்பிவிடுவார். எந்தெந்தப் பெண்களை எடுப்பீர்கள், யாரை எடுக்கவே மாட்டீர்கள், எந்த அறிகுறி கண்டால் அனுப்புவீர்கள் என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போய் அவர் முன்னால் வையுங்கள். இரட்டைக் குழந்தை, தலை கீழே திரும்பாத குழந்தை, முன்பு சிசேரியன் ஆனவர், பிபி 140/90-ஐத் தொட்டவர், கடும் ரத்தசோகை இருப்பவர் எல்லாம் "எடுக்க மாட்டேன்" பக்கத்தில் இருக்கட்டும். அவர் சிலவற்றைத் திருத்துவார். திருத்தட்டும், அப்போதுதான் அது அவருடைய பட்டியலும் ஆகும். உங்கள் பெண்கள் எல்லோரையும் கர்ப்ப காலத்தில் ஒரு முறையாவது அவர் பார்க்கட்டும், மருத்துவமனையில் பெயரும் பதிவாகியிருக்கட்டும். முன்பின் தெரியாத ஒரு பெண்ணை நடுராத்திரி கொண்டுவந்து இறக்கினால் எந்த மருத்துவருக்கும் கோபம்தான் வரும், அதில் நியாயமும் இருக்கிறது.

அவரிடம் எப்படிப் பேசுவீர்கள் என்பதும் முக்கியம். வார்டில் "டாக்டர், கொஞ்சம் வாங்க" போதும். போனில் அது போதாது. இப்படி இருக்க வேண்டும்: "டாக்டர், இரண்டாவது பிரசவம், 39 வாரம். இருபது நிமிடத்துக்கு முன் குழந்தை பிறந்தது, நஞ்சுக்கொடி முழுதாக வந்துவிட்டது. உதிரப்போக்கு 700 மில்லி, இன்னும் நிற்கவில்லை, கர்ப்பப்பை தளர்ந்திருக்கிறது. பிறந்ததும் ஆக்சிடோசின் 10 யூனிட் போட்டாச்சு. மசாஜ் செய்கிறோம், டிரிப் ஓடுகிறது. நாடி 118, பிபி 96/60. இப்போது ஏற்றுகிறோம், பதினைந்து நிமிடத்தில் வருவோம், ரத்தம் தயாராக வேண்டும்." அரை நிமிடம்கூட ஆகாது. பதற்றத்தில் இது தானாக வாயில் வராது. சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். நான் இன்னும் பழகுகிறேன்.

அந்த 700 மில்லி எங்கிருந்து வந்தது என்று கேட்டிருப்பீர்கள். கண்ணால் பார்த்துச் சொல்கிற அளவு ஏறக்குறைய எப்போதும் குறைவாகவே இருக்கும். படுக்கை விரிப்பு உறிஞ்சிக்கொள்ளும், கீழே ஓடியதை யாராவது துடைத்திருப்பார்கள். அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைப் பெண்ணின் அடியில் வைத்து அளக்கும் முறையையும், அளவு தாண்டியதும் மசாஜ், மருந்துகள், டிரிப், பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகத் தொடங்குவதையும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் 80 மருத்துவமனைகளில் சோதித்தார்கள். 2023-இல் முடிவு வந்தது: கடுமையான உதிரப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்திருந்தன. விலை உயர்ந்த மானிட்டரைவிட அந்த விரிப்பை நான் முதலில் வாங்கச் சொல்வேன். உதிரப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சமிக் அமிலம் கொடுக்க உங்களுக்கு அனுமதி இருந்தால், பிரசவம் ஆன 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன், அதிலும் முந்துவது நல்லது.

கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். வார்டு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பழகிய நமக்கு இது தோன்றுவதே இல்லை. காரின் பின்பெட்டியில் வெயிலில் கிடந்த ஆம்பூல் பார்க்க அப்படியேதான் இருக்கும், போட்டால் சரியாக வேலை செய்யாமல் போகலாம். ஐஸ் பெட்டி, அதற்குள் ஒரு தெர்மாமீட்டர், வாங்கிய தேதி எழுதிய துண்டுச்சீட்டு. மூச்சு கொடுக்கும் ஆம்பு பேகும் இரண்டு அளவு மாஸ்க்கும் பையின் மேல் அடுக்கில். அழாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு கொடுக்கத் தொடங்கியாக வேண்டும், அடியில் தேட நேரமிருக்காது. இன்னொன்று: தாய்க்கு உதிரம் போகிறது, குழந்தைக்கு மூச்சு வரவில்லை, இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால்? அதனால் பிரசவம் பார்க்கும் நாள் வந்தால் பயிற்சி பெற்ற இரண்டாவது ஆள் இல்லாமல் போகாதீர்கள். குடும்பத்தில் ஒருவர் கைகொடுப்பார் என்பது ஏற்பாடு ஆகாது. தொழிலைத் தொடங்கும்போதே கூட்டாளி ஒருவரோடு தொடங்குங்கள் என்பதே என் கருத்து.

கட்டணம். தொகை உங்கள் இடத்தைப் பொறுத்தது, அமைப்பை மட்டும் சொல்கிறேன். கர்ப்ப கால கவனிப்பு, காத்திருப்பும் பிரசவமும், பின்கவனிப்பு என்று மூன்றாகப் பிரியுங்கள். 36 வாரத்துக்குள் முழுப் பணமும் வந்துவிட வேண்டும், வலி வந்தபின் பணப்பேச்சு கூடாது. பெண்ணை மருத்துவமனைக்கு மாற்றினாலும் உங்கள் கட்டணம் குறையாது என்று முதல் சந்திப்பிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். "வீட்டில் பிறந்தால்தான் முழுப் பணம்" என்று வைத்தால், அனுப்பலாமா, இன்னும் அரை மணி பார்க்கலாமா என்று தவிக்கும் நேரத்தில் பணமும் உங்கள் காதில் பேசும். பணத்துக்கு ஆசைப்படாதவர்களிடமும் பேசும். மாற்றிய பிறகும் நீங்கள் கூடவே போகிறீர்கள், விவரம் சொல்கிறீர்கள், வீடு திரும்பியதும் பார்க்கிறீர்கள். அதற்குத்தான் அந்தப் பணம்.

விளம்பரத்தில் "சுகப்பிரசவம் உறுதி" என்று ஒருபோதும் போடாதீர்கள். யாராலும் உறுதி கொடுக்க முடியாது. நம்பி வந்தவர் கடைசியில் சிசேரியன் ஆனால் தன் உடம்பே தன்னைக் கைவிட்டது போல் உடைந்துபோவார். குழந்தைப் படங்களை எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எங்கும் போடாதீர்கள். பழைய மருத்துவமனையின் பதிவேட்டிலிருந்து யாருடைய நம்பரையும் எடுத்து வராதீர்கள். தேடி வருபவர்கள் தாங்களாகவே வருவார்கள்.

கடைசியாக, உங்கள் கணவரோடு உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு ஒன்று. குறித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். 37 முதல் 42 வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் வலி வரலாம். அதாவது, பிரசவத்துக்கு ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் ஐந்து வாரம் போனை அணைக்க முடியாது, வெளியூர் போக முடியாது. மாதம் நான்கு பேர் என்றால் ஆண்டு முழுவதும் விடுமுறையே இல்லை. முழுநேரமாக ஒரு மிட்வைஃப் தொடர் கவனிப்பில் (கர்ப்பத்திலிருந்து பின்கவனிப்பு வரை ஒரே ஆள்) பார்க்கக்கூடியது ஆண்டுக்குச் சுமார் 35 முதல் 40 பேர்தான், அதுவும் மாற்றிவிடக் கூட்டாளி இருந்தால். முதல் ஆண்டில் மாதம் இருவருக்கு மேல் வேண்டாம். லீவு வேண்டிய மாதத்தை இப்போதே காலண்டரில் அடித்துவிடுங்கள். அந்த மாதத்திலும் அதன் முன்னும் பின்னும் தேதி விழுகிற பெண்களை எடுக்காதீர்கள். பெண்கள் கர்ப்பத்தின் இரண்டாம் மாதத்திலேயே உங்களிடம் வருவார்கள் என்பதால், அடுத்த ஆண்டு லீவை இந்த ஆண்டே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.